கேளுங்க சொல்றோம்: கவுன்சிலர் ஓடினா ஓட்டு விழுமா?

கேள்வி: எங்க வார்டு கவுன்சிலர் தினமும் காலைல பார்க்ல ஓடறாரு, கூடவே நாலு பேரு வீடியோ எடுக்கறாங்க. இது ஃபிட்னஸா, பிரச்சாரமா சார்?
(சென்னை வாசகர்)

பதில்: ரெண்டும்தான், தப்பில்லயே! நம்ம மா.சுப்பிரமணியனையே எடுத்துக்கங்க, 2006-ல கவுன்சிலரா ஜெயிச்சு, அப்போ மேயரை கவுன்சிலருங்கதான் தேர்ந்தெடுத்தாங்க, அப்படி மேயராகி 2011 வரைக்கும் இருந்தாரு, 2021-ல சுகாதார அமைச்சரும் ஆனாரு, அதுக்கு முன்னாடியே 21 கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் நூறு தாண்டியாச்சு. போட்டோவுக்காக ஒருத்தர் அவ்ளோ தூரம் ஓட முடியாதுங்க, எனக்கெல்லாம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது.

சென்னைல 200 வார்டு. 2022 பிப்ரவரி தேர்தல்ல வேட்பாளருங்க சந்து சந்தா நடந்தே ஓட்டு கேட்டாங்களே, அதுவும் எக்சர்சைஸ்தான், என்ன, ஜெயிச்சப்புறம் பாதிப்பேரு அந்த நடைய மறந்துட்டாங்க!

அதனால உங்க கவுன்சிலரை பார்க்ல பார்த்தா ஒரு வணக்கம் வெச்சுட்டு கூடவே ஓடுங்க, ஓடிக்கிட்டே எரியாத தெருவிளக்கு, அடைச்ச கால்வாய் எல்லாத்தையும் சொல்லிடுங்க, மூச்சு வாங்கும்போது மறுத்துப் பேச முடியாது பாருங்க. அப்படியும் நடக்கலன்னா இருக்கவே இருக்கு மாநகராட்சி புகார் நம்பர் 1913.