ஹாஸ்கலில் அசெர்ட் ஏன் வாய் திறக்கவில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹாஸ்கல் மொழி நிரலை ஜிஎச்சிஐ-யில் (உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் கருவி) ஓட்டினால் அசெர்ட் (நிபந்தனை பொய்யானால் பிழை எறியும் சோதனை) உடனே பிடிக்கிறது. அதே நிரலைக் கபால் என்ற பில்ட் கருவியில் பில்ட் செய்து ஓட்டினால் தவறான மதிப்பு சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. ஏன்?

பதில்: நாம் எதுவும் சொல்லாவிட்டால் கபால் -ஓ1 அளவில் ஆப்டிமைஸ் செய்யும், அதாவது நிரல் வேகமாக ஓடும்படி மாற்றும். ஆப்டிமைசேஷன் வந்தாலே ஹாஸ்கல் கம்பைலரான ஜிஎச்சி அசெர்ட்டுகளைக் கழற்றிவிடும். நிபந்தனை போய், அசெர்ட்டின் இரண்டாவது மதிப்பு மட்டும் மிஞ்சும். ஜிஎச்சிஐ வழக்கமாக ஆப்டிமைஸ் செய்வதில்லை, அதனால் அங்கே பிடிக்கிறது.

நிபந்தனை நிற்க வேண்டுமென்றால் கபால் கோப்பின் ஜிஎச்சி-ஆப்ஷன்ஸ் வரியில் ‘-எஃப்நோ-இக்னோர்-அசெர்ட்ஸ்’ என்ற ஃபிளாக்கை (கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) சேருங்கள். ஜிஎச்சி-யை நேரடியாக அழைத்தால் இதை, ஆப்டிமைஸ் செய்யச் சொல்லும் -ஓ-வுக்குப் பின்னால் எழுதுங்கள். முன்னால் எழுதினால் பின்னால் வரும் -ஓ அதை ரத்து செய்துவிடும்.

இன்னொன்று: இது ஓடும்போது எடுக்கும் முடிவல்ல, அந்த மாடியூலைக் கம்பைல் செய்யும்போது எடுப்பது. உங்கள் நிரலுக்கு ஃபிளாக் கொடுத்தால், ஏற்கெனவே -ஓ1-இல் கம்பைலான லைப்ரரியின் அசெர்ட்டுகள் உயிர்பெறாது. கபால்.ப்ராஜெக்ட் கோப்பில் அந்தப் பேக்கேஜின் பெயருக்குக் கீழே தனியாக ஃபிளாக் கொடுத்தால் அது மறுபடி கம்பைலாகும்.

கேள்வி: டூ பிளாக்குக்குள் ‘லெட் _ = அசெர்ட் (என் > 0) ()’ என்று எழுதியிருக்கிறேன். ஃபிளாக் எல்லாம் சரி. என் பூஜ்யமாக இருந்தும் பிழை வரவில்லை.

பதில்: வராது. ஹாஸ்கலின் அசெர்ட் ஒரு கட்டளை அல்ல, ஒரு மதிப்பைச் சுற்றிய உறை. அந்த மதிப்பை யாராவது கேட்டால்தான் நிபந்தனை சோதிக்கப்படும். உங்கள் வரியில் அந்த ‘_’-ஐ யாரும் கேட்பதில்லை.

எந்த மதிப்பு கெட்டுப்போகுமோ அதன் மேலேயே வையுங்கள்: ‘சராசரி = அசெர்ட் (என் > 0) (மொத்தம் / என்)’. ஐஓ-வில் (உள்ளீடு, வெளியீடு செய்யும் நிரல் பகுதி) தனி வரியாக வேண்டுமென்றால் ‘அசெர்ட் (என் > 0) (ரிட்டர்ன் ())’ போதும். அந்த ஆக்‌ஷனை இயக்குவதற்கு முன் அதன் மதிப்பு தேவைப்படுவதால் நிபந்தனையும் சோதிக்கப்படும். அடைப்புக்குறியை இடம் மாற்றி ‘ரிட்டர்ன் (அசெர்ட் (என் > 0) என்)’ என்று எழுதினால் கதை வேறு. சோதிக்கப்படாத மதிப்பு பத்து ஃபங்ஷன் தாண்டிப் போய் எங்கோ வெடிக்கும், அல்லது வெடிக்காமலே போகும். அங்கே ரிட்டர்னுக்குப் பதில், மதிப்பை அங்கேயே கணக்கிட வைக்கும் எவாலுவேட் போடுங்கள்.

ஐஓ-வுக்குச் சொன்னதை லேஸி ஸ்டேட் மோனாடுக்கு (ஒரு நிலையைப் படிப்படியாகக் கடத்தி, தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் அமைப்பு) நம்பிவிடாதீர்கள். அதற்குப் பின் யாரும் ஸ்டேட்டைத் தொடாவிட்டால் அங்கே தனி வரி அசெர்ட்டும் தூங்கிவிடும். ‘லெட் !_ = …’ என்று, உடனே கணக்கிடச் சொல்லும் ஆச்சரியக்குறி வைப்பதும் ஐஓ-வில் வேலை செய்யும். ஆனால் மதிப்பின் மேலேயே வைப்பதுதான் படிப்பவருக்குத் தெளிவு.

கேள்வி: பெரிய கோப்பை லேஸியாக வரிவரியாகப் படிக்கும் நிரல். ‘அசெர்ட் (லெங்த் வரிகள் <= 1000) வரிகள்’ சேர்த்ததும் மெமரி எகிறுகிறது.

பதில்: நீளத்தை எண்ணும் லெங்த் லிஸ்டின் கடைசிவரை நடக்கிறது, அதே லிஸ்ட் பிறகும் தேவைப்படுவதால் கார்பேஜ் கலெக்டரால் (வேண்டாத மெமரியை விடுவிக்கும் பகுதி) எதையும் விடுவிக்க முடியாது. ‘நல் (டிராப் 1000 வரிகள்)’ என்று, அதாவது முதல் 1000-ஐ விட்டால் எதுவும் மிஞ்சவில்லையா என்று கேளுங்கள், அதிகபட்சம் 1001 செல்களோடு நின்றுவிடும்.

ஏறுவரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பதானால் சோதனையை லிஸ்டோடு சேர்த்து நடக்க விடலாம்:

சரிபார் (அ : ஆ : மீதி) = அ : அசெர்ட் (அ <= ஆ) (சரிபார் (ஆ : மீதி))
சரிபார் லிஸ்ட் = லிஸ்ட்

இது ஓர் உறுப்பு முன்னோக்கிப் பார்க்கும். கீபோர்டிலிருந்து வரும் உள்ளீடென்றால் வெளியீடு ஒரு படி பின்தங்கும்.

செலவு விஷயத்தில் டேட்டா.மேப்பின் (சாவி-மதிப்பு ஜோடிகளை வரிசையாக வைக்கும் மேப்) ‘வேலிட்’ ஃபங்ஷனும் கவனிக்க வேண்டியது. மேப் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அது. அதற்காக முழு மேப்பையும் சுற்றிவரும். 1 லட்சம் இன்செர்ட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் பின் அதை வைத்தால் ஏறத்தாழ 500 கோடிப் படிகள். அதைவிட, ஏறுவரிசை லிஸ்டிலிருந்து மேப் கட்டும் ‘ஃப்ரம்டிஸ்டிங்ட்அஸ்க்லிஸ்ட்’ அழைக்கும் இடத்தில் ஒரு முறை சோதியுங்கள். உள்ளீடு திரும்ப வராமல் ஏறுவரிசையில் இருக்கிறதா என்று அது தானாகப் பார்க்காது. பிசகினால் உடைந்த மேப் கிடைக்கும்.

கேள்வி: தற்செயல் உள்ளீடுகளை உருவாக்கி டெஸ்ட் செய்யும் குயிக்செக் இருக்கும்போது அசெர்ட் எதற்கு?

பதில்: இரண்டும் சேர்ந்தால்தான் பலன். டெஸ்ட்டின்போது அசெர்ட் எறியும் எக்ஸெப்ஷனை (பிழையை) குயிக்செக் தோல்வியாகவே எடுத்துக்கொண்டு, உள்ளீட்டைச் சுருக்கியும் காட்டும். டெஸ்ட் மட்டுமல்ல, சோதிக்கப்படும் லைப்ரரியும் அசெர்ட்டுகளோடு கம்பைலாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கமான 100 டெஸ்ட்டும் பாஸ் என்று வந்து ஏமாற்றும்.

‘வரிசையாக இருந்தால் மட்டும்’ என்ற முன்நிபந்தனையை ‘==>’ கொண்டு எழுதாதீர்கள். தற்செயலாக வரிசையில் அமையும் லிஸ்டுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு உறுப்புகள் கொண்டவை. மற்றவை தள்ளப்பட்டு, 1000 தாண்டியதும் குயிக்செக் கைவிட்டுவிடும். வரிசையான லிஸ்டுகளையே உருவாக்கித் தரும் ஆர்டர்ட்லிஸ்ட் டைப்பை உள்ளீடாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அசெர்ட்டைச் சுற்றி ‘உறுதி’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எந்தப் பிழைக்கும் அந்த ஃபங்ஷனின் வரி எண்தான் வருகிறது.

பதில்: அதன் டைப்பைச் சொல்லும் வரியில் (டைப் சிக்னேச்சர்) ‘ஹேஸ்கால்ஸ்டாக் =>’ சேருங்கள். அழைத்த இடமும் செய்தியில் வரும்.

கேள்வி: பயனர் தரும் வயதை அசெர்ட்டால் சோதிக்கலாமா?

பதில்: கூடாது. ரிலீஸ் பில்டில் காணாமல் போகும் சோதனை அது. ஈதர் (சரியான மதிப்பு அல்லது பிழை, இரண்டில் ஒன்றைத் தாங்கும் டைப்) திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: ஓகேமல் மொழியிலும் இதே கதைதானா?

பதில்: பாதிதான். அங்கே மதிப்பீடு உடனுக்குடன் நடப்பதால் அசெர்ட் எழுதிய இடத்திலேயே சோதிக்கப்படும். தோற்றால் வரும் எக்ஸெப்ஷனில் கோப்பு, வரி, நெடுவரிசை மூன்றும் இருக்கும். ‘-நோஅசெர்ட்’ கொடுத்தால்தான் அகலும். அப்படி அகலும்போது உள்ளே எழுதிய வேலையும் சேர்ந்து போகும் என்பதால், ஹேஷ்டேபிளை மாற்றுவது போன்ற எதையும் அசெர்ட்டுக்குள் வைக்காதீர்கள். விதிவிலக்கு ‘அசெர்ட் ஃபால்ஸ்’: எந்த டைப்புக்கும் பொருந்தும், -நோஅசெர்ட் கொடுத்தாலும் நீங்காது. மேட்ச்சில் வரவே முடியாத கிளைக்கு அதைத் தயங்காமல் எழுதலாம்.