பத்தாயிரம் வாங்கிக்கொண்டு பேசி முடிச்சுக்கலாமா?

கேள்வி: நேற்று மாலை காங்கேயம்–தாராபுரம் ரோட்டில் ஒரு சரக்கு வேன் எங்கள் காரின் இடது பக்கத்தில் மோதிவிட்டது. அப்பா ஓட்டினார், பெல்ட் போட்டிருந்தார். பின் சீட்டில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), பெல்ட் இல்லை. யாருக்கும் பெரிய காயமில்லை. "கேஸ் எதுக்குங்க, பத்தாயிரம் தர்றேன், பேசி முடிச்சுக்கலாம்" என்கிறார் வேன்காரர். வாங்கலாமா? இன்னும் பத்தடி தள்ளியிருந்தால் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலுக்குள் போயிருப்போம். அப்படி விழுந்தால் எப்படி வெளியே வருவது?

பதில்:

இன்றைக்கு வாங்காதீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வேன்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. வழக்குப் பதிவானால் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை அவர் வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும், நிற்கிற ஒவ்வொரு நாளும் வாடகை போகும். அவர் அவசரம் அவருக்கு. உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. "பெரிய காயமில்லை" என்பது நேற்றுச் சாயங்கால நிலவரம்தான். அடிபட்ட பதற்றத்தில் உடம்பு வலியை மறைத்துவிடும், உள்காயம் பல சமயம் ஒரு ராத்திரி கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும்.

முதலில் அம்மிச்சியைக் கவனியுங்கள். வயதானவர், பெல்ட் இல்லை, இடி வாங்கியது இடது பக்கம். அவரும் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார் என்றால் விலா எலும்பும் அதற்குக் கீழே இருக்கிற மண்ணீரலும் அடிவாங்கியிருக்கலாம். மண்ணீரலில் ரத்தம் கசிந்தால் வயிறு வலிக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் சிலருக்கு வலி இடது தோள்பட்டையில் தெரியும். "கை பிசகிருச்சு" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடுவோம். அதோடு தலைசுற்றல், வியர்வை, படபடப்பு சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவர் இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவரா என்று பாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவை ரத்தத்தை உறையவிடாது. இவற்றைச் சாப்பிடுகிறவருக்குத் தலையில் லேசாக இடித்திருந்தாலும் மண்டைக்குள் மெல்லக் கசியலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, தலைக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று நீங்களே கேளுங்கள். விடாத தலைவலி, வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண் பாவை மட்டும் பெரிதாகத் தெரிவது: இதில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். வயதானவர்களுக்கு இந்தக் கசிவு இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வெளிப்படும். தீபாவளிக்கு முன் நடந்த விபத்துக்கும் கார்த்திகையில் வந்த மறதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

அப்பாவுக்கு பெல்ட் பட்ட இடத்தில், நெஞ்சுக்குக் குறுக்கேயோ அடிவயிற்றிலோ, சிவந்த தடமோ கன்றிப்போன நிறமோ இருக்கிறதா பாருங்கள். அடிவயிற்றில் தடம் இருந்தால் குடலில் காயம் இருக்கலாம், ஸ்கேன் அவசியம். சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தாலும் அப்படியே. கழுத்து வலி மறுநாள்தான் ஏறும். கை மரத்துப்போகாமல், வலு குறையாமல் இருந்தால் பெரும்பாலும் தானே தணியும். மரத்துப்போனால் கழுத்தை அசைக்க விடாதீர்கள், நீவிவிட யாரையும் கூப்பிடவும் வேண்டாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். காப்பீட்டு அட்டையோ வருமானச் சான்றோ தேவையில்லை. உங்களுக்குக் கடிகாரம் நேற்று மாலையே ஓட ஆரம்பித்துவிட்டது.

நிறையப் பேர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில். கேஷுவாலிட்டியில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். போலீஸ் தொல்லை வேண்டாம் என்று "படியில வழுக்கி விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிடுவோம். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறார்களே அதில், ஏறிவிடும். பின்னால் நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸ் வக்கீல் முதலில் கேட்டு வாங்குவது அந்தத் தாளைத்தான். எத்தனை எக்ஸ்ரே காட்டினாலும் அதைத் தாண்டி வருவது பெரும்பாடு. அதனால் உள்ளதைச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன வண்டி மோதியது, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள். வேனின் நம்பரையும் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "வாகனம் மோதி" என்பதும் "வாகனத்திலிருந்து விழுந்து" என்பதும் கேட்க ஒன்றுபோல இருக்கும். விபத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கிற தீர்ப்பாயத்தில் அவற்றுக்குள் பல லட்ச ரூபாய் வித்தியாசம்.

பிறகு காவல் நிலையம். காயம் ஏற்பட்ட விபத்தைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வது மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. அது உங்கள் அப்பாவுக்கும் பொருந்தும். "அது எங்க லிமிட் இல்லைங்க" என்று அனுப்பிவைத்தால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆவது பிரிவு சொல்கிறது என்பதைப் பணிவாகவே நினைவூட்டுங்கள். புகாரில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். வேன் எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்த ஊர்ப் பிரிவு, பக்கத்தில் என்ன கடை, யார் பார்த்தார்கள். "சுமார் நூறு கிலோமீட்டர் வேகத்தில்" என்றெல்லாம் ஊகித்து எழுதினால் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். புகாரை வாங்கிக்கொண்டதற்கு மட்டும் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. 2022 ஏப்ரல் முதல், விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். அது போயிற்றா என்று கேட்டு வையுங்கள்.

நடந்த இடத்துக்கு இன்றே ஒருவரை அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். டயர் தேய்ந்த தடம், கண்ணாடிச் சில்லு கிடக்கும் இடம், ரோட்டின் வளைவு. ஒரு மழை பெய்தால் எல்லாம் போச்சு. பக்கத்து பெட்ரோல் பங்க், தேங்காய்க் களம், ரைஸ் மில் எதிலாவது கேமரா இருந்தால் பதிவைக் கேளுங்கள். பழையதன்மேல் புதியது பதிவாகும் கருவிகள் அவை, சில நாளில் அழிந்துவிடும். வேன் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். பத்தாயிரம் கொடுக்க வந்த அவசரத்துக்குக் காரணம் சில சமயம் அங்கேதான் இருக்கும்.

நஷ்டஈட்டு மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கிற கெடு, விபத்து நாளிலிருந்து 6 மாதம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கிற எல்லையிலுள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். இரண்டு வண்டி மேலும் தப்பு என்று முடிவானாலும் அம்மிச்சிக்குக் கிடைக்க வேண்டியது குறையாது. அவர் பயணிதானே, ஓட்டியவர்களின் தப்பு அவர் தலையில் ஏறாது. நம் பக்கத்தில் பலருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. தறி ஓட்டுகிறவர், மாடு வைத்திருப்பவர், தோப்புக்காரர் என்றால் வருமானத்துக்கு ஆதாரம் தேடுவதிலேயே வழக்கு இழுக்கும். பால் சங்கத்துப் பாஸ்புக், கூலி நெசவு பில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரை போட்ட ரசீது, இவைதான் உங்கள் சம்பளச் சீட்டு. இப்போதே ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி கார். உங்கள் பாலிசி கம்பெனிக்கு இன்றே சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் பட்டறையில் ஒரு போல்ட்கூடக் கழற்ற வேண்டாம். முழுக் காப்பீடு இருந்தாலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் ஏர்பேக்குக்கும் பாதி விலை கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிவில்லை. தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி என்றால் வேறு கணக்கு. பழுதுச் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாக எடுத்துக்கொள்வார்கள்.

பக்கவாட்டில் இடிவாங்கிய காரைக் கதவு மாற்றி டிங்கரிங் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையே நிற்கிற நடுப் பில்லரும் கதவுகளுக்கு அடியில் ஓடுகிற ரன்னிங் போர்டும் வளைந்திருந்தால், அடுத்த முறை அந்தப் பக்கம் இடித்தால் தாங்காது. கதவைச் சாத்தி, சுற்றியுள்ள சந்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேலே குறுகி கீழே அகன்றிருந்தால் கூடு நெளிந்திருக்கிறது. நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்மோ, அதைத் திருப்புகிற டை ராடோ வளைந்திருக்கும். டயரின் பக்கச் சுவரில் கொழுக்கட்டைபோல் புடைத்திருந்தால் அந்த டயரில் ஊருக்குள்கூடப் போகாதீர்கள். அப்பா போட்டிருந்த பெல்ட் இழுபட்டுத் திரும்பச் சுருங்காவிட்டாலோ, நாடா ஓரம் பிசிறடித்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். ஏர்பேக் விரிந்திருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். சில பட்டறைகளில் புது ஏர்பேக் போடாமல் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி எச்சரிக்கை விளக்கை ஏமாற்றுவார்கள், அல்லது விளக்கையே பிடுங்கிவிடுவார்கள். சாவி போட்டதும் அந்த விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் காரை வெளியே எடுக்காதீர்கள். ரெசிஸ்டர் வைத்திருந்தால் விளக்கு ஒழுங்காகத்தான் நடிக்கும், அதனால் ஏர்பேக்கின் பில்லையும் சீரியல் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

பேசி முடிக்கவே கூடாது என்பதில்லை. ஓரிரு வாரம் கழித்து, இருவருக்கும் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லி, சேதம் தகரத்தோடு நின்றது என்று தெரிந்தால் பேசலாம். அப்போது பட்டறை எஸ்டிமேட்டை வைத்துப் பேசுங்கள், பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள், தாளில் "வாகனச் சேதத்துக்கு மட்டும்" என்று எழுதுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் இருக்கக் கூடாது. அதே சேதத்துக்கு உங்கள் இன்ஷூரன்ஸிலும் கேட்டு, வேன்காரரிடமும் வாங்கினால் கம்பெனி உங்கள் கிளைமை மறுக்கலாம், ஏதாவது ஒன்றுதான். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு ஸ்டேஷனில் போய் "வாபஸ்" வாங்குவது கிடையாது, அது கோர்ட்டில்தான் முடியும்.

வாய்க்கால் விஷயம். தண்ணீரில் விழுந்த கார் உடனே மூழ்காது, அரை நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு நிமிடம்வரை மிதக்கும். அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள், கதவைத் திறக்காதீர்கள். கதவைத் திறந்தால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போகும். பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, குழந்தைகளை முதலில் வெளியே தள்ளு, பிறகு நீ. தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு ஏறிவிட்டால் அழுத்தத்தில் கண்ணாடி இறங்காது, அதனால் விழுந்த நொடியே பட்டனை அழுத்த வேண்டும். இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் சுத்தியலால் அடியுங்கள். முன் கண்ணாடியோடு மல்லுக்கட்டாதீர்கள், நடுவே படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர உதிராது. தலைசாய்ப்பைப் பிடுங்கி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பி இருக்காதீர்கள், தண்ணீருக்குள் அதைப் பிடுங்கவே நேரம் போதாது.

வெளியே வந்த பிறகும் பி.ஏ.பி. வாய்க்காலில் வேலை இருக்கிறது. காங்கிரீட் கரை சரிவாக, பாசி பிடித்து வழுக்கும். விழுந்த இடத்திலேயே ஏறப் பார்த்தால் சறுக்கிச் சறுக்கிச் சோர்ந்துபோவீர்கள். தண்ணீரோடு போய், படிக்கட்டோ பாலமோ வரும் இடத்தில் ஒதுங்குங்கள். சாலையோரக் கிணறு என்றால் மோட்டார் பைப்பைப் பற்றிக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர்கள் கயிறு போடும் முன் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, தீயணைப்புக்கு 101-இலோ 112-இலோ சொல்ல வேண்டும்.

கண்ணாடி உடைக்கும் சுத்தியலை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைக்காதீர்கள். கார் மூக்குக் குத்தி இறங்கும்போது அதுதான் முதலில் தண்ணீருக்குள் போகும். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், பெல்ட் மாட்டியபடியே கை எட்டும் இடத்தில், கிளிப் போட்டு இறுக்கி வையுங்கள்.