அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க? (வாசகர் கேள்வி பதில்)

போன தடவை "உங்க ஞாபகத்துல இருக்கற முதல் பெரிய செய்தி எது?"ன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கேள்வியாவே வந்திருக்கு, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டப்ப எனக்கு நாலு வயசு. காலையில ரேடியோல சொன்னதும் அம்மா அது பக்கத்துலயே உக்காந்து அழுதாங்க, அது இன்னும் கண்ணுலயே நிக்குது. என் அண்ணன் என்னடான்னா "உனக்கு ஒண்ணும் தெரியாது, நாங்க பேசினத கேட்டுட்டு நீயா கதை கட்டிக்கிட்ட"ங்கறார். யார் சொல்றது சரி?

பதில்: நாலு வயசுல நடந்தது ஞாபகம் இருக்கறதுல ஆச்சரியமே இல்லம்மா. நிறைய பேருக்கு முதல் ஞாபகம்னு இருக்கறதே மூணு, மூணரை வயசு வாக்குலதான், அதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் பெரும்பாலும் தங்கறதில்ல. அதனால உங்க வயச வச்சு அண்ணன் அத தள்ளிவிட முடியாது.

ஆனா "காலையில"ங்கறது மட்டும் கொஞ்சம் இடிக்குது. 1984 அக்டோபர் 31 காலையில ஒன்பதே கால், ஒன்பதரைக்குள்ள சுட்டாங்க, ஆனா அவங்க இறந்துட்டாங்கன்னு ஆல் இந்தியா ரேடியோவும் தூர்தர்ஷனும் முறைப்படி அறிவிச்சது சாயங்காலம்தான். பிபிசி கேட்டவங்களுக்குதான் பகல்லயே தெரிஞ்சுது. ஒண்ணு உங்க வீட்டுல யாரோ பிபிசி வச்சிருக்கணும், இல்ல சாயங்காலம் நடந்தது உங்க மனசுல காலைக்கு நகர்ந்திருக்கணும், ரெண்டாவதுதான் நடந்திருக்கும்னு தோணுது, நேரம் தேதியெல்லாம் நம்ம மனசுல ரொம்ப சுலபமா இடம் மாறிடும்.

அண்ணன் சொல்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு. 1992 அக்டோபர்ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடி குடியிருப்பு மேல விழுந்துச்சு. பல மாசம் கழிச்சு ஆராய்ச்சிக்காரங்க நெதர்லாந்து ஆளுங்க கிட்ட "விமானம் மோதற காட்சிய டிவில பாத்தீங்களா?"ன்னு கேட்டாங்க, பாதிக்கும் மேல ஆமா பாத்தோம்னு சொன்னாங்க. அப்படி ஒரு வீடியோவே கிடையாது, யாருமே படம் பிடிக்கல! வளர்ந்தவங்களுக்கே கேட்டது, படிச்சது, பேசினதெல்லாம் சேந்து கண்ணால பாத்த மாதிரி ஆயிடுதுன்னா குழந்தை மனசுக்கு கேக்கவா வேணும்.

இருந்தாலும் அம்மா அழுத முகத்த நீங்க விட்டுக்கொடுக்க வேண்டியதில்லன்னுதான் நான் சொல்வேன். நாலு வயசு குழந்தைக்கு பிரதமர்னா என்னன்னு தெரியாது, ஆனா அழாத அம்மா அழறாங்கன்னா அது தெரியும். இந்த பகுதிக்கு வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி இப்படித்தான் இருக்கு, செய்தி என்னன்னே புரியல ஆனா அப்பா பேசாம இருந்தாரு, பெரியவங்க எல்லாம் ஒரே ரூம்ல நின்னாங்க, எங்கள யாரும் திட்டல. செய்தியோட பேரு அப்புறம் வந்து அதுல ஒட்டிக்குது.

கேள்வி: 2001 செப்டம்பர் 11 நியூயார்க் ரெட்டை கோபுரம் இடிஞ்சப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன், யாரு வந்து சொன்னாங்கங்கறது வரைக்கும் ஞாபகம் இருக்கு. என் மனைவி "நீங்க வீட்டுல எங்கூடதான் டிவி பாத்துக்கிட்டு இருந்தீங்க"ன்னு சத்தியம் பண்றாங்க. இவ்ளோ தெளிவா இருக்கற ஞாபகம் தப்பா இருக்குமா?

பதில்: இருக்கும் சார், தெளிவா இருக்கறதுக்கும் சரியா இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்லங்கறதுதான் இதுல பெரிய விஷயம்.

1977ல பிரௌன், குலிக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சிக்காரங்க, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலை மாதிரி செய்திய கேட்ட நிமிஷம் கேமரா ஃபிளாஷ் அடிச்ச மாதிரி மனசுல பதிஞ்சிடுதுன்னு எழுதினாங்க, எல்லாருக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. அப்புறம் 1986 ஜனவரி 28, சாலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 செகண்ட்ல சிதறுது, ஏழு பேரும் போயிட்டாங்க. மறுநாள் காலையிலயே உல்ரிக் நைசர்ங்கற உளவியல் பேராசிரியர் நூத்துக்கும் மேல மாணவர்கள் கிட்ட எங்க இருந்தீங்க யார் சொன்னாங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு எழுதி வாங்கி வச்சுக்கிட்டார். ரெண்டரை வருஷம் கழிச்சு அதுல 44 பேர திரும்ப கூப்பிட்டு அதே கேள்விய கேட்டா, கால்வாசி பேரு சொன்னதுல ஒண்ணு கூட முதல்ல எழுதினதோட ஒத்துப்போகல. வகுப்புல பேசிக்கிட்டத கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன்னு எழுதின ஒருத்தர், அப்புறம் ஹாஸ்டல் ரூம்ல டிவில பாத்தேன்னு சொல்றாங்க, அதுவும் சந்தேகமே இல்லாம. அவங்க கையெழுத்துலயே இருந்த பழைய பேப்பர காட்டினப்பவும் பழைய ஞாபகம் திரும்பி வரல, சில பேரு அந்த பேப்பர்லதான் தப்பா எழுதியிருக்குன்னு நின்னாங்க. எனக்கு இத நினைச்சா இன்னமும் உடம்பு ஒரு மாதிரி ஆகுது.

அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷுக்கே இது நடந்துச்சு. செப்டம்பர் 11 அன்னிக்கு அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார், அங்க வகுப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி முதல் விமானம் மோதினத டிவில பாத்தேன்னு அவர் பின்னாடி சொன்னார், ஆனா அந்த நேரத்துல முதல் மோதல் எந்த டிவிலயும் வரல, அந்த வீடியோ வெளிய வந்ததே பின்னாடிதான். பொய் சொல்றார் சதி பண்றார்னெல்லாம் கிளப்பி விட்டாங்க, மனசு வேலை செய்யற விதமே அதுதான்னு அவங்க யோசிக்கல.

அந்த நாள் ஞாபகத்த அமெரிக்காவுல பத்து வருஷம் தொடர்ந்து கேட்டுப் பாத்திருக்காங்க. எத்தன விமானம், எங்க விழுந்துச்சுங்கற விவரமெல்லாம் ஓரளவு சரியா இருக்கு, ஏன்னா டிவியும் பேப்பரும் திரும்ப திரும்ப சொல்லி நம்மள திருத்திடுது. அன்னிக்கு மனசு என்ன பாடு பட்டுச்சுங்கறததான் ரொம்ப மாத்தி சொல்றாங்க, அத திருத்தறதுக்கு பேப்பர் ஏது?

உங்க வீட்டு சண்டைக்கு வருவோம். மனைவி சொல்றதும் இதே மாதிரி ஞாபகம்தான், அதனால அவங்கதான் சரின்னும் சொல்ல மாட்டேன். அன்னிக்கு எழுதின டைரி, பழைய மெயில் ஏதாவது இருந்தா பாருங்க, இல்லன்னா ரெண்டு பேரும் ரெண்டு கதையையும் பிள்ளைங்க கிட்ட சொல்லிடுங்க.

கேள்வி: 2004 சுனாமி பத்தி பேச்சு வந்துச்சு, டீம்ல புதுசா சேந்த பொண்ணு "நான் அப்ப பிறக்கவே இல்ல"ன்னு சொன்னா. ஒரு நிமிஷம் தூக்கி வாரிப் போட்டுச்சு. எனக்கு வயசாயிடுச்சுன்னு அன்னிக்குதான் உறைச்சுது. இது எனக்கு மட்டுமா?

பதில்: கண்ணாடில நரைமுடி பாக்கறத விட இதுதான் சுருக்குனு குத்தும், எல்லாருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நிலாவுல மனுஷன் இறங்கினது 1969, பெர்லின் சுவர் திறந்தது 1989, நடுவுல 20 வருஷம்தான். எழுபதுகள்ல பிறந்தவங்க பெர்லின் செய்திய டிவில பாத்தப்ப நிலா பயணம் அவங்களுக்கு பாடப்புத்தகத்துல இருந்த பழங்கதை. 2004 டிசம்பர் 26லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எண்ணுங்க, அதே 20 தாண்டிருச்சு. அந்த பொண்ணுக்கு சுனாமிங்கறது உங்களுக்கு நிலா மாதிரிதான்.

1985ல அமெரிக்காவுல, கடந்த அம்பது வருஷத்துல முக்கியமான நிகழ்ச்சி எதுன்னு ஷூமன், ஸ்காட்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க கிட்ட கேட்டாங்க. ஒவ்வொரு வயசுக்காரங்களும் தங்களோட பதின்ம வயசுல, இருபதுகள்ல நடந்ததையே அதிகமா சொன்னாங்க, மூத்தவங்க ரெண்டாம் உலகப்போர்னா அடுத்த தலைமுறை வியட்நாம்னாங்க. அந்த வயசுலதான் உலகம்னு ஒண்ணு இருக்கு அதுல நானும் இருக்கேன்னு புரிய ஆரம்பிக்குது, அதான் அப்ப நடந்தது அழுத்தமா உக்காருது. உங்களுக்கு நேத்து மாதிரி இருக்கறது அந்த பொண்ணுக்கு வரலாறு, அதுக்காக வருத்தப்படாம அன்னிக்கு என்ன பாத்தீங்கன்னு உக்காந்து சொல்லுங்க, நேர்ல கேக்க ஆள் கிடைக்கறது அந்த பொண்ணுக்கும் பெரிய விஷயம்தான்.

கேள்வி: கொரோனா வந்தப்ப என் பையனுக்கு அஞ்சு வயசு. அவனுக்கு அது ஞாபகம் இருக்குமா?

பதில்: இருக்கும், ஆனா துண்டு துண்டாதான். ஒரே நிமிஷத்துல நடந்த செய்தி இல்லையே அது, மாசக்கணக்குல ஒரே மாதிரி போன நாட்கள். மாஸ்க், ஆன்லைன் கிளாஸ், வெளிய விடாத வாசல், இதெல்லாம் நிக்கும். இப்பவே அவன் வாயால சொல்லச் சொல்லி ஃபோன்ல பதிஞ்சு வச்சுடுங்க, நீங்க நடுவுல எடுத்துக் கொடுக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு 80 தாண்டிருச்சு. நேத்து யார் வந்தாங்கன்னு மறந்துடறார், ஆனா நிலாவுல இறங்கின செய்திய ரேடியோல கேட்டத அப்படியே சொல்றார். அதுவும் ஜூலை 21 காலையிலன்னு சொல்றார், எல்லா இடத்துலயும் ஜூலை 20ன்னுதான் போட்டிருக்கு. இது மறதி நோயோட ஆரம்பமா?

பதில்: ரெண்டையும் தனித்தனியா பாருங்க. பழசு நிக்கறதும் புதுசு நழுவறதும் வயசானா ஓரளவு நடக்கறதுதான், ஆனா நேத்து நடந்ததே அடிக்கடி மறந்துபோகுதுன்னா, கேட்டதையே திரும்ப கேக்கறார், தெரிஞ்ச இடத்துலயே வழி தடுமாறுதுன்னா தள்ளிப்போடாம டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க. பழச நல்லா சொல்றாரேங்கறத வச்சு ஒண்ணுமில்லன்னு நினைச்சுடாதீங்க, பழைய ஞாபகம் கடைசியாதான் போகும்.

அவர் கிட்ட பேசும்போது "என்ன நடந்துச்சு?"ன்னு கேக்காதீங்க, அது எல்லா புத்தகத்துலயும் இருக்கு. யார் கூட இருந்தீங்க, ரேடியோ யாரோடது, அதக் கேட்டுட்டு முதல்ல யார் கிட்ட போய் சொன்னீங்கன்னு கேளுங்க.

அந்த தேதிய மட்டும் அவசரப்பட்டு திருத்திடாதீங்க, அது மறதியே இல்ல. ஜூலை 20ங்கறது அமெரிக்க தேதி. ஆம்ஸ்ட்ராங் நிலாவுல கால் வச்சப்ப இந்தியாவுல 21ஆம் தேதி காலை 8 மணி 26 நிமிஷம். அப்பா சரியாத்தான் சொல்றார், அத அவர் கிட்டயும் சொல்லுங்க.