மெக்சிகோ வீட்டுச் சமையல்: நீங்கள் கேட்டவை

மெக்சிகோ சமையல் பற்றிக் கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். இங்கே சொல்லும் எல்லாவற்றையும் வீட்டு அடுப்பில் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். தோசைக்கல்லும் அம்மியும் இருக்கிற வீட்டில் இதற்கென்று தனியாகப் பாத்திரம் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: இதுவரை எதுவும் செய்ததில்லை. இன்று மாலையே ஒன்று செய்ய வேண்டுமென்றால் எதில் தொடங்கலாம்?

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் 'வேவோஸ் அ லா மெஹிக்கானா'. நம் முட்டைப் பொடிமாஸுக்கு ரொம்பப் பக்கம். பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி மூன்றையும் எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கி, அடித்த முட்டையை ஊற்றி, தளதளவென்று இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். வெள்ளை, பச்சை, சிவப்பு என்று மெக்சிகோ கொடியின் மூன்று நிறமும் சேர்வதால்தான் அந்தப் பெயர். மஞ்சள்தூளும் கடுகும் வேண்டாம். அங்கே காலை உணவுக்கு இது பாதி வீடுகளின் பழக்கம்.

கேள்வி: மக்காச்சோள மாவு வாங்கி, மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டோர்ட்டியா செய்தேன். தட்டும்போதே உடைந்துபோகிறது. வெந்நீர் விட்டுப் பிசைந்தும் சேரவில்லை. என்ன தவறு?

உங்கள் கையில் தவறில்லை. மாவு வேறு. இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் 'சோள மாவு' என்று கேட்டால் மூன்றில் ஒன்று கிடைக்கும்: வெள்ளைச் சோளம் அரைத்த மாவு, மக்காச்சோளம் அரைத்த மஞ்சள் மாவு, சூப்பைக் கெட்டியாக்கும் கார்ன்ஃப்ளோர். மூன்றிலும் டோர்ட்டியா வராது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, தோலைக் கசக்கிக் கழுவி, பிறகுதான் அரைக்கிறார்கள். இப்படிப் பக்குவம் செய்த மக்காச்சோளத்துக்கு நிஷ்தமால் என்று பெயர். 3,000 ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். சுண்ணாம்பு தோலை இளக்குகிறது, மாவுக்கு ஒட்டும் தன்மை தருகிறது. அப்புறம், தானியத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. கொலம்பஸுக்குப் பின் மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனபோது தானியம் மட்டும்தான் போனது, சுண்ணாம்புப் பக்குவம் போகவில்லை. அதையே முழு உணவாக உண்ட ஏழைகள் வடக்கு இத்தாலியிலும், பிற்பாடு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் மடிந்தார்கள். மெக்சிகோக் கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த பக்குவம் எவ்வளவு பெரியது என்பதை நினைத்தாலே எனக்கு மெய் சிலிர்க்கும்.

உங்களுக்கு இரண்டு வழி. சுலபமானது, 'மாசா ஹரீனா' என்று கேட்டு வாங்குவது. சுண்ணாம்புப் பக்குவம் செய்து உலர்த்திய மாவு அது. இரண்டு கப் மாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை கப் வெதுவெதுப்பான நீர், சிட்டிகை உப்பு. பிசைந்து, ஈரத்துணி மூடி இருபது நிமிடம் வையுங்கள். உருண்டையை அழுத்தினால் விளிம்பில் வெடிப்பு விடக்கூடாது. விட்டால் இன்னும் ஒரு கரண்டி நீர்.

இரண்டாவது வழி, முழுவதும் நீங்களே செய்வது. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு (ஸ்வீட் கார்னும் பாப்கார்னும் ஆகாது) பத்து கிராம் உண்ணத்தகுந்த சுண்ணாம்பு. முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, இரவு அப்படியே மூடி வைத்து, காலையில் மூன்று நான்கு தண்ணீரில் கழுவுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். அரைப்பதுதான் பெரிய வேலை. தண்ணீர் கூடினால் தோசை மாவாகிவிடும். அவர்கள் பாரம்பரியமாக இதை அரைக்கும் மெத்தாத்தே என்ற கல், நம் அம்மிக்குக் கூடப்பிறந்தது போலவே இருக்கும்.

தட்டுவதற்குப் பூரி அழுத்தும் கருவி போதும். தடித்த பிளாஸ்டிக் தாள் இரண்டுக்கு நடுவே எலுமிச்சை அளவு உருண்டை. நன்கு காய்ந்த இரும்புக் கல்லில், எண்ணெய் இல்லாமல் போடுங்கள். இருபது விநாடியில் ஓரம் கல்லை விட்டு எழும், அப்போது திருப்புங்கள். அந்தப் பக்கம் ஒரு நிமிடம். மறுபடி திருப்பி நடுவில் விரல் நுனியால் லேசாகத் தட்டினால் உள்ளே ஆவி ஓடி அப்படியே உப்பும். தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா சந்தையில் ஓர் அம்மா பேச்சை நிறுத்தாமலேயே விரலால் இப்படித் தட்டுவதையும், தட்டிய ஒவ்வொன்றும் உப்புவதையும் அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். சுட்டதும் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். அந்த ஆவியில்தான் அது மிருதுவாகும். சுட்ட கையோடு சாப்பிட்டுவிட்டு "வறட்டியாக இருக்கிறது" என்று எழுதியவர்களுக்கும் இதுதான் பதில்.

கேள்வி: சப்பாத்தியை வைத்தே டாக்கோ (டோர்ட்டியாவில் கறியோ காயோ வைத்து மடித்தது) செய்தால் மெக்சிகோக்காரர்கள் சிரிப்பார்களா?

சிரிக்க மாட்டார்கள். சொனோரா போன்ற வட மாநிலங்களில் கோதுமை டோர்ட்டியாதான் அன்றாடம். ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமை அங்கே நன்றாக விளைந்தது. மைதாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசைவார்கள். நீங்கள் எண்ணெயோ வனஸ்பதியோ சேர்த்து, அரை மணி ஊறவிட்டு, சப்பாத்தியை விட மெல்லியதாகத் தேய்த்துச் சுடலாம். ஆனால் மக்காச்சோள டோர்ட்டியாவின் மணம் இதில் வராது. இரண்டும் வேறு வேறு பண்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சல்சா செய்தால் தக்காளிச் சட்னி மாதிரியே வருகிறதே?

வதக்கியிருப்பீர்கள். சல்சா ரோஹாவுக்கு, அதாவது சிவப்பு சல்சாவுக்கு, வதக்கக் கூடாது, சுட வேண்டும். நாட்டுத் தக்காளி நான்கு, பச்சை மிளகாய் இரண்டு, தோலோடு பூண்டு இரண்டு பல், கால் வெங்காயம். காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் போட்டுத் திருப்பிக்கொண்டே இருங்கள். மிளகாயும் பூண்டும் முதலில் புள்ளி புள்ளியாகக் கருகும், எடுத்துவிடுங்கள். தக்காளிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். தோல் கருத்து வெடித்து, சாறு கல்லில் சொட்டிச் 'சுர்' என்று கேட்கும். அந்தக் கரிந்த வாசம்தான் சல்சாவின் உயிர்.

பூண்டின் தோலை உரித்து, கல்லுப்போடு அம்மியிலோ சின்ன உரலிலோ முதலில் நசுக்குங்கள். பிறகு மிளகாய், கடைசியாகத் தக்காளி. கொரகொரப்பாக நிறுத்திவிடுங்கள். வெங்காயத்தை நறுக்கிக் கொத்தமல்லியோடு மேலே கலக்கலாம். தாளிப்பு, புளி, பருப்பு, பெருங்காயம் எதுவும் கிடையாது. மிக்ஸியில் செய்தால் இரண்டு சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள், நுரைத்து வெளுத்துப்போகும். நான்ஸ்டிக் கல்லை இப்படி வெறுமனே காய வைக்கவே கூடாது.

கேள்வி: பச்சை சல்சாவுக்கு டொமட்டியோ கிடைக்கவில்லை. பச்சைத் தக்காளி போடலாமா?

போடலாம், ஆனால் அது வேறு செடி. டொமட்டியோ நம் சொடக்குத் தக்காளியின் உறவு, அதே போலக் காகித உறைக்குள் காய்க்கும். காய்வெட்டான தக்காளியை வேகவைத்து, பச்சை மிளகாய், கொத்தமல்லி, பூண்டோடு அரைத்துக் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் புளிப்பு ஓரளவு நெருங்கும். எலுமிச்சைக்கு மட்டும் மாற்றே தேட வேண்டாம். மெக்சிகோவின் சின்ன லிமோனும் நம் எலுமிச்சையும் ஒரே இனம்தான்.

கேள்வி: வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. எங்களுக்கு என்ன இருக்கிறது?

தாராளமாக இருக்கிறது. முதலில் பயறு. வடக்கே பின்ட்டோ, தெற்கே கறுப்புப் பயறு. நம் கடைகளில் புள்ளி போட்ட சித்ரா ராஜ்மா பின்ட்டோவுக்கு நல்ல மாற்று. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டோடு குக்கரில் குழைய வேகவிடுங்கள். மெல்லிய சூட்டில் வேகும் மின்பானையில் மட்டும் நேரடியாகப் போடாதீர்கள். ராஜ்மாவில் வயிற்றைக் கெடுக்கும் ஒரு நச்சுப்பொருள் உண்டு, பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தால்தான் அது போகும். வெந்ததை எண்ணெயில் வெங்காயம் பொன்னிறமானதும் போட்டு, வெந்த தண்ணீரையே விட்டு மசித்தால் 'ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ்'. இரண்டு முறை வறுப்பது என்று அர்த்தமில்லை, 'நன்றாக வறுத்தது' என்றுதான் பொருள்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்த 'ராஹாஸ் கோன் க்ரேமா'. பொப்லானோ மிளகாய்க்குப் பதிலாகப் பஜ்ஜி மிளகாய் அல்லது குடைமிளகாய் ஆறு. அடுப்புத் தீயில் நேரடியாகக் காட்டித் தோல் முழுக்கக் கருக விடுங்கள். மூடிய பாத்திரத்தில் பத்து நிமிடம் வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். குழாயில் கழுவினால் சுட்ட மணமும் போய்விடும், ஈரக்கையால் வழித்தால் போதும். நீளவாக்கில் கிழித்து, வதங்கிய வெங்காயம், மக்காச்சோள முத்துக்களோடு சேர்த்து, ஃப்ரெஷ் க்ரீம் அரை கப் விட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம். இறக்கிய பின் ஒரு கரண்டி கெட்டித் தயிர். சூடான டோர்ட்டியாவில் வைத்து மேலே உப்புப் போட்டு உதிர்த்த பனீர். கெசோ ஃப்ரெஸ்கோ என்ற அவர்களின் இளம் பாலாடைக்கட்டிக்குப் பனீர் நன்றாகவே நிற்கும்.

கேள்வி: கொடைக்கானல் பக்கத்து அவகாடோவில் குவாக்கமோலே செய்தேன். தண்ணீராக இருந்தது, ஒரு மணி நேரத்தில் கறுத்தும்விட்டது.

பழநி மலைப் பழங்கள் பலவும் மெல்லிய தோலும் நீர்ச்சத்தும் கொண்டவை. மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் விளையும் ஹாஸ் வகையில் எண்ணெய்ச் சத்து அதிகம். மலைப்பழத்தில் செய்யும்போது தக்காளியின் விதைப் பகுதியை எடுத்துவிடுங்கள், மிக்ஸியைத் தொடாதீர்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு இவற்றை முதலில் நசுக்கி, அதன் மேல் பழத்தைக் கரண்டியால் கட்டி கட்டியாக மசியுங்கள். கறுப்பதற்குக் காரணம் காற்று. கொட்டையை உள்ளே போட்டு வைத்தால் அதற்கு அடியில் இருப்பது மட்டும்தான் தப்பும். பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பில் படும்படி அழுத்தி மூடுங்கள். அதைவிட, சாப்பிட உட்காரும்போது செய்வதே மேல்.

கேள்வி: டாக்கோ மசாலா பாக்கெட் எது வாங்கலாம்? கோழியில் ஏதாவது சொல்லுங்கள்.

பாக்கெட் வேண்டாம். சீரகமும் பூண்டுப் பொடியும் தூக்கலான அந்த ருசி அமெரிக்க எல்லைப்புறத்துடையது. மெக்சிகோ வீடுகளில் சீரகம் ஒரு சிட்டிகைதான்.

புவேப்லா நகரத்தின் 'டிங்கா' செய்யுங்கள். அரைக்கிலோ கோழியை வேகவைத்து நார் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய வெங்காயம் நீளமாக நறுக்கி நன்றாக வதக்கி, நான்கு தக்காளியோடு இரண்டு சிப்போட்லே மிளகாய் அரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்போது கோழியைச் சேர்த்துச் சுருள விடுங்கள். சிப்போட்லே என்பது பழுத்த ஹலபேனோவைப் புகையூட்டிக் காயவைத்தது. டப்பாவில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பேடகி மிளகாய் நான்கைக் கல்லில் சில விநாடி வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள். புகை வாசம் இருக்காது, நிறமும் ருசியும் இருக்கும். வாட்டும்போது கறுத்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்தக் கசப்பை எதுவும் சரிசெய்யாது.

கேள்வி: நாச்சோஸ் மெக்சிகோ உணவா, இல்லையா?

பொரித்த டோர்ட்டியாத் துண்டுகளின் மேல் பாலாடைக்கட்டியை உருக்கித் தரும் நாச்சோஸ், மெக்சிகோவில் பிறந்ததுதான். 1943-ல் எல்லை ஊரான பியெத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்பவர் செய்தது. இக்னாசியோவின் செல்லப் பெயர் நாச்சோ.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் ஏதும் உண்டா?

ஒர்சாத்தா செய்து கொடுங்கள். அரை கப் பச்சரிசியும் ஒரு துண்டு கறுவாவும் இரவு ஊறவைத்து, காலையில் அரைத்து, நான்கு கப் நீர் விட்டுத் துணியில் வடிகட்டி, சீனி சேர்த்துக் குளிரவைத்தால் ஆயிற்று. மெக்சிகோவில் 'கனேலா' என்று இதற்கு வாங்குவதே இலங்கைக் கறுவாதான், மடித்தால் நொறுங்கும் அந்த மெல்லிய பட்டை. தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டையில் காரம் தூக்கும், பாதி போதும்.

கேள்வி: மிஞ்சிப்போன டோர்ட்டியாவை என்ன செய்வது?

அதற்காகவே பிறந்தது 'சிலாக்கிலேஸ்'. முந்தின நாள் டோர்ட்டியாவை முக்கோணமாக வெட்டி மொறுமொறுவென்று பொரித்து, கொதிக்கும் சல்சாவில் போட்டு ஒரே புரட்டு. மேலே வெங்காயம், உதிர்த்த பனீர், கொஞ்சம் க்ரீம். பாதி மொறுமொறுப்பும் பாதி ஊறலுமாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். ஆகவே எல்லாரையும் தட்டோடு உட்கார வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.