முழங்கால் மாற்றிய பின் மோட்டார் சைக்கிள்

கேள்வி: இடது முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து 7 கிழமை. பொல்லு இல்லாமல் நடக்கிறேன். கல்முனைக்கு மோட்டார் சைக்கிளில் போகலாமா? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். கார் ஓட்டப் பலருக்கு 6 கிழமையளவில் அனுமதி கிடைக்கும்; மோட்டார் சைக்கிளுக்குப் பெரும்பாலும் 3 மாதமாவது வேண்டும். முடிவு உங்கள் சத்திரசிகிச்சை நிபுணருடையது.

சிக்கல் ஓடுவதில் அல்ல, நிற்பதில். பிரேக் பிடித்ததும் வண்டிப் பாரம் இடது காலில் இறங்கும். வீதியோர மணலில் பாதம் சறுக்கினால் முழங்கால் திருகும். இடது காலில் ஊன்றி வலது காலை வீசி ஏறும்போதும் அதே திருகல்தான்.

கதிரையில் இருக்க 90 பாகை மடங்கினால் போதும். கால்மிதி உயரமான வண்டிக்கு 110 வரை தேவைப்படலாம். கட்டிலில் படுத்து, குதிக்காலை மெல்லப் பிட்டத்தை நோக்கி இழுத்து முழங்காலை மடக்குங்கள்: 10 தடவை, நாளுக்கு 3 முறை.

பிறகு நடு ஸ்டாண்டில், எஞ்சின் நிறுத்தி, ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறி இருந்து, கியரை நுனிக்காலால் 20 தடவை தூக்கிப் பாருங்கள். வலித்தால் இன்னும் நாளாகவில்லை. ட்ரமடோல் போன்ற தூக்கம் தரும் வலிமாத்திரை எடுக்கும்வரை சாவியைத் தொடவே வேண்டாம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டி இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.