‘போயிருந்தேன்’ எல்லாம் ‘ஹேட் கான்’ ஆகாது: பேச்சு இங்கிலீஷ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. ‘சார், இங்கிலீஷில் பேசினால் தப்புத் தப்பாக வருகிறது, என்ன செய்யலாம்?’ என்ன தப்பு, எந்த வாக்கியம், யாரிடம் பேசியபோது வந்தது, எதுவும் இல்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்து ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினால் அவர் என்ன எழுதுவார்? நீங்கள் பேசியதைத் தப்போடு அப்படியே எழுதி அனுப்புங்கள் என்று எத்தனை முறை சொல்வது? அப்படி அனுப்பியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

மீட்டிங்கில் ‘லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் த பட்ஜெட்’ என்றேன். புதிதாகச் சேர்ந்த பையன் சிரித்துவிட்டான். என்ன தப்பு? (ஓசூர்)

‘அபவுட்’ வேண்டாம். ‘பற்றி’ என்பது ‘டிஸ்கஸ்’ உள்ளேயே இருக்கிறது. ‘டாக் அபவுட்’ சரி, ‘டிஸ்கஷன் அபவுட்’ கூடச் சரி, ‘டிஸ்கஸ்’ மட்டும் துணை கேட்காது. ‘ரிட்டர்ன் பேக்’, ‘என்டர் இன்டு த ரூம்’, ‘ஆர்டர் ஃபார் டூ காஃபி’ எல்லாம் இதே ஜாதி. சிரித்த பையன் சாயங்காலத்துக்குள் ‘ஐ வில் ரிவர்ட் பேக்’ என்று சொல்லியிருப்பான், கவனித்துப் பாருங்கள்.

‘யெஸ்டர்டே நைட்’, ‘டுடே மார்னிங்’ இரண்டும் தப்பு என்கிறார் என் தங்கை. அப்படியா? (காரைக்குடி)

தங்கை சொல்வதுதான் சரி. ‘லாஸ்ட் நைட்’, ‘திஸ் மார்னிங்’. ஆனால் ‘யெஸ்டர்டே மார்னிங்’, ‘யெஸ்டர்டே ஈவினிங்’ தாராளமாகச் சொல்லலாம். இதில் நியாயம் தேடாதீர்கள், தூக்கம் கெடும்.

வெளிநாட்டுக் கிளையன்ட் போனில் ‘ஹேவ்ன்ட் யூ சென்ட் த ஃபைல்?’ என்று கேட்டார். அனுப்பவில்லை என்பதால் ‘யெஸ்’ என்றேன். ‘கிரேட்’ என்று சொல்லி போனை வைத்துவிட்டார். மறுநாள் ஒரே சண்டை. (கோவை)

அவர் மேல் தப்பில்லை. பஸ்ஸில் கண்டக்டர் ‘சில்லறை இல்லையா?’ என்று கேட்டால் ‘ஆமா, இல்லை’ என்கிறோம். அந்த ‘ஆமா’ கண்டக்டருக்கு, நீங்கள் நினைத்தது சரி என்று சொல்வதற்கு. ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் நம்மைப் போலத்தான். இங்கிலீஷ் ‘யெஸ்’ கேட்டவர் முகத்தைப் பார்ப்பதில்லை, நடந்ததை மட்டும் பார்க்கும். அனுப்பியிருந்தால் ‘யெஸ், ஐ ஹேவ்’. அனுப்பவில்லை என்றால் ‘நோ, ஐ ஹேவ்ன்ட்’. கேள்வி எந்தப் பக்கமாகத் திரும்பி வந்தாலும் பதில் மாறாது. வெறும் ‘யெஸ்’, ‘நோ’வோடு நிறுத்தாமல் பின்னால் அந்தக் குட்டி வாலையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள், ஆபத்து பாதி குறையும்.

இன்னொரு கண்ணி ‘டூ யூ மைண்ட்’. பல வருடம் முன்பு ரயிலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்றார். நான் மரியாதை பொங்க ‘யெஸ், யெஸ்’ என்றேன். ‘உனக்கு ஆட்சேபணை உண்டா?’ என்று கேட்டவரிடம் ‘உண்டு, உண்டு’ என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறேன். அவர் நின்றுகொண்டே என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் இங்கிலீஷ் வாத்தியார்.

‘ஐ கேன் ஏபிள் டு டிரைவ்’ சரியா? (தஞ்சாவூர்)

இல்லை. ‘ஐ கேன் டிரைவ்’, அல்லது ‘ஐ ஆம் ஏபிள் டு டிரைவ்’. இரண்டும் ‘முடியும்’தான், ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர் எதற்கு? போன முறையும் சொன்னேன், அதற்கு முந்தின முறையும் சொன்னேன்.

எட்டாவது படிக்கும் என் மகள் ‘ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே’ என்றாள். டீச்சர் அதை ‘ஐ வென்ட்’ என்று திருத்தியிருக்கிறார். வீட்டில் இருக்கும் டென்ஸ் சார்ட்டில் ‘போயிருந்தேன் = ஐ ஹேட் கான்’ என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே? (விருதுநகர்)

டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சார்ட்டைச் சுருட்டிப் பரணில் போடுங்கள்.

எனக்கு இந்த 12 கட்டச் சார்ட் மேல் தீராத கோபம் உண்டு. பிரசன்ட், பாஸ்ட், ஃப்யூச்சர் மேலே. சிம்பிள், கன்டின்யுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டின்யுவஸ் பக்கவாட்டில். கட்டத்துக்கு ஒரு தமிழ் வார்த்தை. ‘ஐ கோ: போகிறேன். ஐ ஆம் கோயிங்: போய்க்கொண்டிருக்கிறேன். ஐ ஹேவ் கான்: போயிருக்கிறேன். ஐ ஹேட் கான்: போயிருந்தேன்.’ பார்க்க அழகாக இருக்கும். நானும் பத்து வருடம் போல அதை ஆணியில் மாட்டிப் பாடம் எடுத்த பாவிதான்.

முதல் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தினமும் வாக்கிங் போகிறேன்’ என்றால் ‘ஐ கோ’. சரி. ‘நாளைக்குத் திருச்சி போகிறேன்’ என்றால்? ‘ஐ ஆம் கோயிங் டு திருச்சி டுமாரோ’. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ‘சரி, நான் போகிறேன்’ என்றால்? அதுவும் ‘ஐ ஆம் கோயிங்’. தமிழில் ஒரே ‘போகிறேன்’ பல வேலை பார்க்கிறது, சார்ட் அதை ஒரே கட்டத்தில் அடைத்துவைத்திருக்கிறது. சார்ட்டை நம்பியவர் ‘டுமாரோ ஐ கோ டு திருச்சி’ என்பார்.

இப்போது உங்கள் மகளின் கட்டம். ‘நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்’ என்று நாம் ஏன் சொல்கிறோம்? ‘போனேன்’ என்றாலே போதுமே. ‘போயிருந்தேன்’ என்றால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். அங்கே ஏதோ நடந்திருக்கிறது, இவர் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். கதைக்குப் பாய் விரிக்கிற வேலை அது. இங்கிலீஷ் ‘ஹேட்’டுக்கு அந்த வேலையே கிடையாது. அதற்கு நடந்து முடிந்த விஷயம் இரண்டு வேண்டும், ஒன்று மற்றதுக்கு முந்தியிருக்க வேண்டும். நீங்கள் மூச்சிரைக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறீர்கள், பஸ் அதற்குள் கிளம்பிவிட்டது. ‘வென் ஐ ரீச்ட் த பஸ் ஸ்டாண்ட், த பஸ் ஹேட் லெஃப்ட்.’ முந்திப் போன பஸ்ஸுக்கு ‘ஹேட்’, பிந்திப் போன உங்களுக்கு ‘ரீச்ட்’. ஒரே ஒரு விஷயம்தான் நடந்தது, அதுவும் நேற்று என்றால் ‘ஐ வென்ட்’. அவ்வளவுதான்.

‘ஹேவ்’ விஷயமும் இப்படித்தான். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ தப்பு. ‘எப்போது?’ என்பதற்குப் பதிலாக நேற்று, போன வாரம், 2019-ல் என்று முடிந்துபோன காலம் எதுவும் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் ‘ஹேவ்’ வெளியே போய்விட வேண்டும். ‘ஐ ஸா ஹிம் யெஸ்டர்டே.’ நாள் சொல்லாமல் ‘பார்த்திருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’.

வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் நானும் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மார்க், நல்ல பையன். ‘வேர் டிட் யூ டூ யுவர் ப்ராஜெக்ட்?’ என்று கேட்டால் ‘ஐ ஹேட் டன் மை ப்ராஜெக்ட் இன் சென்னை’ என்பான். கேட்கிறவர், அதற்கு அப்புறம் ஏதோ நடந்திருக்கிறது போலிருக்கிறது, சொல்வான் என்று காத்திருப்பார். பையனோ முடித்துவிட்டான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பையனுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை, சார்ட் தெரிந்ததுதான் வினை.

அப்புறம் அந்தக் கடைசிக் கட்டம். ‘ஐ வில் ஹேவ் பீன் கோயிங்: போய்க்கொண்டிருந்திருப்பேன்.’ அறுபது வயதைத் தாண்டிவிட்டேன், ஒரு நாள்கூட எனக்கு இது தேவைப்படவில்லை. ‘ஐ கோ, ஐ ஆம் கோயிங், ஐ வென்ட், ஐ ஹேவ் கான், ஐ வில் கோ’ ஐந்தும் தடுமாறாமல் வந்தால் அன்றாடப் பேச்சில் தொண்ணூறு சதவீதம் ஓடிவிடும். மகளிடம் வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள், கட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள்.

‘ஐ டிடின்ட் வென்ட்’ என்று சொன்னால் மனைவி திருத்துகிறார். நடந்தது நேற்றுதானே? (திண்டுக்கல்)

நேற்று என்பதை ‘டிட்’ சொல்லியாகிவிட்டது. ‘ஐ டிடின்ட் கோ.’ மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

‘ஐ ஆம் ஃப்ரம் சேலம் ஒன்லி’ என்று எங்கள் ஆபீஸில் எல்லோரும்தான் சொல்கிறோம். இது தப்பா? (சேலம்)

நமக்குள் பேசும்போது ஒரு கஷ்டமும் இல்லை. வெளியாளுக்கு ‘சேலம் மட்டும்’ என்று கேட்கும். நாம் சொல்ல வந்தது ‘சேலம்தான்’. இந்தத் ‘தான்’ இருக்கிறதே, அதற்கு இங்கிலீஷில் வார்த்தையே கிடையாது, குரல்தான் உண்டு. ‘நான்தான் சொன்னேன்’ என்பதை ‘ஐ ஒன்லி டோல்ட்’ என்று சொன்னால் ‘சொல்ல மட்டும்தான் செய்தேன்’ என்று அர்த்தம் தலைகீழாகும். ‘ஐ டோல்ட் யூ’ என்று ‘ஐ’யைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் ‘நான்தான்’ வந்துவிடும். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், மனசுக்குள் சொன்னால் வராது. ‘சும்மா வந்தேன்’ என்பதை ‘ஐ சிம்ப்ளி கேம்’ ஆக்குவதும் இதே கதை. ‘ஐ ஜஸ்ட் ட்ராப்ட் இன்’ போதும். ‘சும்மா’ முழுசாக எந்த மொழிக்கும் போகாது, அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

நான் பேசினால் ‘தமிழ் வாடை’ அடிக்கிறதாம். அமெரிக்கன் அக்சென்ட் கிளாஸ் 15,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? (சென்னை)

வேண்டாம். தமிழ் வாடை தப்பே இல்லை. ஸ்காட்லாந்துக்காரருக்கு ஸ்காட்லாந்து வாடை இருக்கிறது, அவர் என்ன கிளாஸுக்கா போகிறார்? எதிரே இருப்பவருக்கு வார்த்தை புரிகிறதா என்பதுதான் கேள்வி. அதற்குக் காசில்லாமல் மூன்று வேலை செய்யலாம்.

ஒன்று, வார்த்தை முடிவில் சேரும் ‘உ’. புக்கு, கேட்டு, பஸ்ஸு. இது சோம்பேறித்தனம் இல்லை, நம் மொழியின் வழக்கம். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. தொல்காப்பியக் காலத்து விதி இன்னும் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. ‘புக்’ என்று சொல்லி வாயை அங்கேயே நிறுத்திப் பழகுங்கள். சொல் ஆரம்பத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது என்பதால்தான் ‘ஸ்கூல்’ ‘இஸ்கூல்’ ஆகிறது. இரண்டு, ‘எம்.எல்.ஏ.’ என்பதை ‘யெம் யெல் யே’ என்று சொல்வது. முன்னால் வரும் அந்த ‘ய்’யை விடுங்கள். மூன்று, காஃபியும் காப்பியும். மேல்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வந்தால் குடிப்பது, இரண்டு உதடும் ஒட்டிப் பிரிந்தால் நகல். கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

‘டெப்ட்’ என்று படித்தேன், சிரித்தார்கள். ‘பி’ எழுதியிருக்கிறதே? (நாகர்கோவில்)

‘டெட்’. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. லத்தீன் படித்த பண்டிதர்கள் மூலச் சொல்லில் இருக்கிறதே என்று பின்னால் நுழைத்தார்கள். ஜனங்கள் வாய்க்குள் விடவில்லை. ‘டவுட்’டிலும் அதே ‘பி’, அதே கதை. ‘ரிசீட்’டில் ‘பி’ கிடையாது, ‘பிளம்மர்’ என்பதில் ‘பர்’ கிடையாது, ‘வென்ஸ்டே’யில் நடுவில் ‘டி’ கிடையாது. எழுத்து 26, ஒலி ஏறக்குறைய 44. எழுத்தைப் பார்த்து உச்சரிக்கக் கிளம்பினால் இப்படித்தான். போனில் டிக்ஷனரியைத் திறந்து அந்த ஸ்பீக்கர் படத்தைத் தட்டிக் கேளுங்கள், அப்புறம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2018’ என்று ரெஸ்யூமேயில் போடலாமா? (வேலூர்)

பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சி முடித்திருந்தால் போடலாம். மற்றவர்கள் போட்டால் 2018-ல் மயங்கி விழுந்ததாக வெளிநாட்டுக்காரர் நினைப்பார். ‘கிராஜுவேட்டட்’.

‘கசின் பிரதர்’ தப்பா? (பழனி)

‘கசின்’ போதும். சித்தப்பா மகனா, அத்தை மகளா என்ற கவலை அந்த மொழிக்கு இல்லை. நமக்கு இருக்கிறது, ஏனென்றால் ஒருவர் அண்ணன், இன்னொருவர் முறை. அத்தை மகளைக் கட்டியவர்கள் ‘ஐ மேரிட் மை கசின்’ என்று ஆபீஸில் ஆரம்பித்தால் விளக்கம் சொல்லவும் தயாராக இருங்கள்.

‘ப்ரீபோன்’ என்று ஒரு வார்த்தையே கிடையாது என்று ஹெச்.ஆர். சொல்கிறார். (பெங்களூர்)

ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரியில் இருக்கிறது. காட்டுங்கள். இந்தியாவுக்கு வெளியே அதிகம் புரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சார், ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட். (ஊர் போடவில்லை)

‘ஐ ஹேவ்’. ‘ஹேவிங்’ டிபன் சாப்பிடுகிறவர்களுக்கு. ‘டவுட்’ என்றால் எதிராளிக்கு அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று கேட்கும். உங்களிடம் இருப்பது ‘கொஸ்டின்’. அந்தக் கொஸ்டின் என்ன என்பதைக் கடிதத்தில் எங்கேயும் காணோம்.