வாசகர் கேள்வி – பதில்: பழைய காருக்கு இன்னும் செலவு செய்யலாமா?

கேள்வி: என் காருக்கு 13 வயது ஆகிறது. 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற மாதம் எஞ்சின் சூடேறி வண்டி நின்றுவிட்டது. எஞ்சினின் மேல் பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். அவர் கேட்கும் தொகை, இந்தக் காரை நல்ல நிலையில் விற்றால் கிடைக்கும் விலையில் பாதிக்கு மேல் வருகிறது. போன ஆண்டுதான் நான்கு டயர்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினேன். வீட்டில் எல்லோரும் வேறு வண்டி வாங்கிவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பழுதுச் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் காரை மாற்றிவிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். இந்த அளவுகோலை நான் ஏற்பதில்லை. விற்பனை விலை என்பது உங்கள் காருக்கு இன்னொருவர் கொடுக்க முன்வரும் தொகை மட்டுமே. அந்தக் கார் உங்களுக்கு இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்பதை அதை வைத்துக் கணக்கிட முடியாது. பழுது பார்த்த பிறகு இந்தக் காரை அடுத்த 3 ஆண்டுகள் ஓட்ட என்ன செலவாகும், வேறு கார் வாங்கினால் அதே 3 ஆண்டுகளுக்கு என்ன செலவாகும் என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது கணக்கில் கடன் வட்டி, பதிவுக் கட்டணம், கூடுதல் காப்பீடு ஆகியவற்றோடு மதிப்பு இழப்பையும் சேர்க்க மறக்காதீர்கள். புதுக் காருக்கு முதல் சில ஆண்டுகளில்தான் மதிப்பு மிக வேகமாகக் குறையும். உங்கள் காரோ அந்த இழப்பில் பெரும்பகுதியை எப்போதோ கடந்துவிட்டது.

டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் கொடுத்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்பதற்காகக் காரை வைத்துக்கொள்ளக் கூடாது; அந்தப் பணம் எப்படியும் திரும்பி வராது. ஆனால் அந்தப் பாகங்களை இன்னும் சில காலத்துக்கு மாற்ற வேண்டியதில்லை என்பது உண்மையான லாபம். அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்ற ஒற்றை வரியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது ஏன் போனது என்று கேளுங்கள். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டிருக்கலாம்; எஞ்சின் சூடானதும் குளிர்நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் நின்றிருக்கலாம்; வாட்டர் பம்ப் கசிந்திருக்கலாம்; மின்விசிறி சுழலாமல் இருந்திருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், புதுக் கேஸ்கெட்டும் அதே வழியில் போகும். அடுத்து, அளவு மீறிச் சூடான அலுமினிய ஹெட், அதாவது எஞ்சினின் மேல் பாகம், வளைந்துவிடக்கூடும். கழற்றிய ஹெட்டின் முகத்தின் மேல் நேர்விளிம்புள்ள எஃகுப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்த்தாலே வளைவு தெரிந்துவிடும். இந்தச் சோதனை நடக்கும்போது நீங்கள் பட்டறையில் உடன் இருப்பது நல்லது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட எல்லைக்குள் வளைவு இருந்தால் ஃபேஸிங் செய்து, அதாவது முகத்தைச் சமமாகச் சீவி, சரிப்படுத்தலாம். ஹெட்டில் விரிசல் இருந்தால் செலவுக் கணக்கே மாறிவிடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலோ ஆயில் மூடியின் அடியிலோ பால் கலந்ததைப் போன்ற வெண்மையான குழம்பு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்த நிலையில் வண்டியை வெகு தூரம் ஓட்டியிருந்தால், எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு; அப்படியானால் மேல் பாகத்தை மட்டும் புதுப்பிப்பதில் பயன் குறைவு.

எஞ்சினைவிட நான் அதிகம் கவலைப்படுவது துருவைப் பற்றித்தான். எஞ்சினைப் பிரித்துக் கோக்கலாம். கிளட்ச் பிளேட், புஷ், பால் ஜாயின்ட் எல்லாமே தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள். ஆனால் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களிலும், சீட் பெல்ட் பிணைப்புகளைச் சுற்றியும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியிலும் துரு தகட்டைத் தின்று துளையிட்டிருந்தால், அந்தக் கார் மோதலைத் தாங்காது. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி, விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் இந்த இடங்களைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், செதில் செதிலாக உதிரும்.

உங்கள் காரின் அடிப்பாகம் திடமாக இருந்து, ஹெட்டும் எல்லைக்குள் இருந்தால், தயங்காமல் பழுது பாருங்கள் என்பதே என் முடிவு. உங்கள் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் இருந்தால், ஹெட்டைக் கழற்றும்போது அதையும் எப்படியும் கழற்றத்தான் வேண்டும். ஆகவே அதையும் வாட்டர் பம்ப்பையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கூலி மிச்சமாகும் என்பதோடு, பல எஞ்சின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே வீணாகிவிடும் என்பதாலும் இதைச் சொல்கிறேன். துரு துளையிட்டிருந்தால், கேஸ்கெட்டுக்குக்கூடச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: என் பழைய கார் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதில்லை. ஒரே ஆண்டில் இரண்டு முறை பேட்டரி மாற்றியாயிற்று. மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து தனியாக வர வேண்டியிருக்கிறது. செலவு பெரிதில்லை, பயம்தான் பெரிதாக இருக்கிறது.

பதில்: அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், அதன் மூலத்தை யாரும் தேடவில்லை என்று பொருள். எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து, நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் அது ஏறத்தாழ 14 வோல்ட்டுக்கு உயரும். உயரவில்லை என்றால் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் எர்த் வயர் இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், சாவியை எடுத்த பிறகும் மின்சாரத்தை இழுக்கும் கருவி ஏதாவது இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரியைப் பழி சொல்வது எளிது என்பதால்தான் அது இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதைச் செய்தும் கோளாறு தீரவில்லை என்றால் காரை மாற்றிவிடுங்கள். கணக்கு எதிராக இருந்தாலும் பரவாயில்லை. நள்ளிரவில் நம்ப முடியாத வண்டி உங்கள் வேலைக்கு ஏற்றதன்று. மாற்றும்போது பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு ஆகியவை உள்ள காராகப் பாருங்கள். பழைய காரை எவ்வளவு பழுது பார்த்தாலும் இவற்றை அதில் சேர்த்துவிட முடியாது.

கேள்வி: விற்க முடிவு செய்துவிட்டேன். விற்பதற்கு முன் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெரிய பழுதுக்குக் கொடுக்கும் பணம் விலையில் முழுமையாகத் திரும்பி வருவது அரிது. வண்டியைச் சுத்தம் செய்து, சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, தெரிந்த குறைகளை எழுதிக் கொடுத்து, அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ கோளாறு இருந்தால் மட்டும், அதைச் சரிசெய்யும் வரை யாரையும் ஓட்டிப் பார்க்க விடாதீர்கள்.